வாலுக்கு ஒரு வழக்கு

எலி கடித்ததில் பல்லிக்கு வால் போய்விட்டது. கொதித்துப்போன பல்லி, கோர்ட்டில் கேஸ் கட்டுகளைத் தின்று வாழும் கரையானிடம் ஓடியது.

"கேஸ் போட்டா ஜெயிப்பேனா அண்ணே?"

"ஜெயிப்பே. ஆனா வாய்தா மேல வாய்தா வாங்கி பத்து வருஷம் இழுப்பாங்க. உன் வால் ரெண்டே மாசத்துல தானா முளைச்சிடும். பேசாம வீட்டுக்குப் போ."

பல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாலா பெரிசு? எலியைக் கூண்டில் ஏற்றாமல் விடுவதா? கேஸைப் போட்டேவிட்டது.

முதல் வாய்தாவுக்குள் புதுவால் முளைத்துவிட்டது. பல்லி பதறியது. காயம் இல்லாவிட்டால் கேஸ் நிற்குமா?

அன்றுமுதல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் தன் வாலைத் தானே கடித்துத் துப்பிவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகிறது.

ஏழாவது வருஷம் கோர்ட்டு வாசலில் எலி கேட்டது: "ஏம்பா, நான் ஒரு தடவைதானே கடிச்சேன்?"