நாலரை அடி

அப்பாவின் செருப்பு முனை குழியின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். குழிக்குள் டேப்போடு நின்றிருந்த அண்ணன் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாலரை அடி சரியாக இருக்கிறது என்று கொத்தனாரிடம் சொன்னான்.

கோய் என்கிற ஜப்பான் அலங்கார மீன் வளர்க்கக் கொல்லையில் குளம் கட்டிக்கொண்டிருந்தான். ஆழம் வேண்டும், நாலு சுவரும் செங்குத்தாக இருக்க வேண்டும், சரிவாக விட்டால் பூனை இறங்கி மீனைத் தூக்கிவிடும் என்று படித்து வைத்திருந்தான்.

“பூனையே இறங்க முடியாதுன்னா, விழுந்த மனுஷன் எப்படி ஏறுவான்?” என்றேன்.

“மீனுக்குக் கட்டறேன். உனக்கு வேணும்னா ஏணி வெச்சுத் தரேன்.”

அப்பாவுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மறுபடி தட்டின் முன் உட்காருவார். கதவு திறந்திருந்தால் போதும், நடக்கத் தொடங்கிவிடுவார். என்றாவது ஒருநாள் அந்தத் தண்ணீரில்தான் அவரைப் பார்க்கப்போகிறேன் என்ற எண்ணம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுற்றிலும் வேலி போடச் சொல்லிச் சண்டை போட்டேன். மீன் வந்த மறுவாரம் போடுவதாகச் சொன்னான். நான் காத்திருக்கவில்லை. பின்கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்கி மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றிலிருந்து அண்ணன் என்னை ஜெயிலரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

புதுச் சிமென்டின் காரம் போக மூன்று முறை தண்ணீர் நிரப்பி இறைத்தோம். அதன்பிறகு பம்பு ராப்பகலாக ஓடி, ஓரத்தில் அடுக்கிய கல்லிடுக்கு வழியாகத் தண்ணீரைக் குளத்தில் கொட்டியது. சாயங்காலங்களில் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்பார். ஆலையில் முப்பது வருஷம் நீரேற்றும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர்.

“ரிட்டயரானாலும் டூட்டி முடியல பாத்தியா?” என்று அண்ணன் கண்ணடிப்பான்.

தண்ணீருக்குள் கிடந்த பம்பு வயரில் ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. திங்கட்கிழமை வந்து ஒரே வயராக மாற்றித் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அதுவரை பம்பை நிறுத்தாமல் தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மீன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையே வந்துவிட்டன. காற்றடைத்துக் கட்டிய மூன்று பிளாஸ்டிக் பைகள், பைக்கு ஒன்று. குளத்துத் தண்ணீரின் சூடு பழக அரைமணி நேரம் பையோடு மிதக்க விட வேண்டுமாம். அண்ணன் சமையலறைக்குள் போய் மறக்காமல் சுவிட்சில் பம்பை நிறுத்திவிட்டு வந்தான். அவன் வெளியே வந்ததும் கதவைப் பூட்டினேன். ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.

நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பையாக என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

“சாவி பத்திரமா, ஜெயிலரம்மா?”

இடுப்பைத் தட்டிக் காட்டினேன். அப்பா உள்ளே இருந்தார், நடுவில் பூட்டு இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அப்போது கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்று பைகளும் அவனைச் சுற்றி மிதந்தன. உள்ளே மீன்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதவுக்கு ஓடினேன். பூட்டில் சாவி நுழையவில்லை. நழுவிக் கீழே விழுந்தது, எடுத்தேன், மறுபடி விழுந்தது.

கதவு திறந்தபோது, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

“மோட்டார் நின்னு போச்சும்மா. நல்லவேளை, நான் பாத்தேன்.”