அமரர் ஊர்தியின் அவசரம்

"பிணத்துக்கு என்னய்யா அவ்வளவு அவசரம்?" என்று நீதிபதி கேட்டதும் கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்றவர் அமரர் ஊர்தி டிரைவர் சவரிமுத்து, பாவம். இந்த அதிவேக வழக்கில் லைசென்ஸ் போனால் பிழைப்பே போச்சு.

அன்றைக்குச் சொந்த ஊருக்குப் போகிற பாதி வழியில், புருஷனின் கால்விரல்களைத் தன் கையாலேயே சேர்த்துக் கட்டியிருந்த சந்தனமாரிதான், "விரலு அசையுதுண்ணே, ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க" என்று கதறினாள். சவரிமுத்து பறந்தார். அங்கே டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, "உசிரு இப்பத்தான்யா போயிருக்கு" என்றார். விரலைக் கட்டிய கையிடம் அதை எப்படிச் சொல்வது? "உனக்குத்தான் பிரமைம்மா" என்று சவரிமுத்து அவளிடம் சொல்லிவிட்டார்.

"யாரும் சொல்லலீங்கய்யா, நானாத்தான் வெரசா ஓட்டுனேன்" என்றார் சவரிமுத்து.

"பொய் சொல்றாரு சாமி!" பின்வரிசையில் சந்தனமாரி எழுந்துவிட்டாள். "எனக்காகத்தான் ஓட்டுனாரு. வேணும்னா அந்த டாக்டரையே கூப்பிட்டுக் கேளுங்க."