சின்னக் கை

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூணு தடவை வால்வைக் கழுவியாச்சு, வண்டி இன்னும் சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போகுது. வேற ஷெட்டு பாக்கட்டுமா மச்சான்?”

மெக்கானிக்கின் தங்கை கணவன் இதை ஷெட்டில் காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்.

மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. இருபது வருஷத் தொழில். எவனும் இந்த வார்த்தை சொன்னதில்லை.

வெளியே போகிற புகையில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி எஞ்சினுக்கே அனுப்புகிற வால்வு அது. மூட வேண்டிய நேரத்தில் மூடாவிட்டால், ஓடுகிற வண்டி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் மூச்சுத் திணறி அணைந்துவிடும். ஸ்கேனரும் அதையேதான் சொன்னது. மூடச் சொன்னாலும் வால்வு மூடவில்லை.

தங்கை வழக்கம்போல முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் இறங்குவதில்லை. பிள்ளை வீட்டில் மாமியார் பிடியில். அவள் போன் ரிப்பேர் என்று கணவன் போன வருஷமே சொல்லிவிட்டான். அம்மா செத்ததிலிருந்து பிறந்த வீட்டுப் பேச்சே கிடையாது. ஆனால் அவளைக் கண் மறைவில் விடவும் அவனுக்கு மனசு வராது. போகிற இடமெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.

“வால்வு புண்ணியத்துலதான் உங்க தங்கச்சி மூஞ்சியப் பாக்கிறோம்,” என்று மெக்கானிக்கின் மனைவி போன தடவை சொன்னாள். இவனும் சிரித்துவைத்தான்.

இன்று அவள் கழுத்தோரம் நீலமாக ஒரு தடம். “கதவுல இடிச்சுக்கிட்டா,” என்றான் கணவன், யாரும் கேட்காமலேயே.

கழுத்து போய் எந்தக் கதவில் இடிக்கும் என்று மெக்கானிக் கேட்கவில்லை. மாப்பிள்ளையாயிற்றே, முகம் கோணிவிடுமே!

வண்டியில் வந்த குறையைத்தான் பார்த்தான்.

எப்போதும் வால்வைக் கழற்றி அப்படியே டீசலில் ஊறப்போடுவான். கரி கரைந்ததும் அழுக்கைப் பார்க்காமலேயே தட்டோடு கொட்டிவிட்டு மாட்டுவான். இன்று அப்படியில்லை. மாப்பிள்ளை கண்ணெதிரே, விளக்கடியில், காய்ந்தபடியே பிரித்துக் காட்டிவிடுவது என்று பிடிவாதமாக நின்றான்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

“அண்ணா, எப்பவும் மாதிரி ஊறப்போட்டு மாட்டிடேன்.”

அட, இவளுமா! புருஷனோடு சேர்ந்து இவளும் தன் வேலையைக் குறை சொல்கிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது. வால்வின் வாயில் டார்ச் அடித்தான்.

கரிக்கு நடுவே என்னவோ குறுக்கே நின்றது.

மூக்குக் குறடால் பிடித்து இழுத்தான். வளைந்த கம்பித் துண்டு ஒன்று வந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

“பாத்துக்குங்க மாப்பிள்ளை! என் வேலைல குத்தமில்ல. யாரோ வேணும்னே சொருகி வச்சிருக்காங்க. தொழில் தெரிஞ்ச ஆளு. இந்த ரப்பர் குழாயைக் கழட்டிட்டு உள்ள கைவிட்டு வைக்கணும். என் கையே நுழையாது. இதுக்கெல்லாம் சின்னக் கை…”

வாய் நின்றது.

அப்பா இருந்த காலத்தில் இதே ஷெட்டில், இவன் முரட்டுக் கை நுழையாத இடம் வந்தாலே, “கூப்பிடுடா சின்னக் கைய,” என்பார். பாவாடையைச் சொருகிக்கொண்டு தங்கை ஓடி வருவாள். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொன்னவனும் இவனேதான்.

கணவன் குறட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கரியைத் துடைத்தான். பாதி ஒடித்த கொண்டை ஊசி.

காரைப் பார்த்தான். கண்ணாடி மெல்ல ஏறியது.

“மாட்டுங்க மச்சான். நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்,” என்றான். கோபமே இல்லாத குரல். ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரு போல்ட்டைத் தளர்த்தி விடலாம். குழாயை அரைகுறையாய்ச் சொருகி விடலாம். ஆனால் பழகிய கை, பக்கத்தில் ஆள் வேறு. ஒவ்வொரு போல்ட்டும் ஒழுங்காக இறுகி உட்கார்ந்தது.

“இறங்கு தாயி” என்று ஒரு வார்த்தை. அது அவன் தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளை அங்கே இருக்கிறதே என்று நினைத்தான். நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் நினைத்தான். எதை முதலில் நினைத்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

“மாப்பிள்ளை, அது… விளையாட்டுக்கு ஏதாவது…”

“அட, விடுங்க மச்சான். கோளாறு எதுன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே வண்டி இங்க வராது.”

எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. கரும்புகை இல்லை, உதறல் இல்லை. காத்திருந்தவர்களில் ஒருவர், “பலே, கைராசிக்காரன்யா,” என்றார்.

தங்கை திரும்பவில்லை. மடியில் வைத்திருந்த கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

ஷெட் வாசலில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. காரின் வேகம் குறைந்தது. இதற்கு முன் ஷெட்டுக்குள் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் அது நின்றிருக்கிறது.

நின்னு போ, நின்னு போ, என் சாமி, நின்னு போ என்று மெக்கானிக் உதடு அசைய வேண்டினான்.

லாரி கடந்து போகும்வரை எஞ்சின் அமைதியாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கார் திரும்பிப் போயிற்று.