கெட்டி ஆயில்

"இதை நான் ஊத்த மாட்டேம்மா. எடுத்துட்டுப் போங்க."

மெக்கானிக் அந்த ஆயில் கேனை அவள் காலடியிலேயே திருப்பி வைத்தார்.

"ஏன்? இப்பத்தான் கடையில வாங்கிட்டு வரேன். மூடியைக்கூடத் திறக்கலை."

"ரொம்பக் கெட்டி."

"பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்னு கடைக்காரர் சொன்னாரே!"

"அவர் இஞ்சினைப் பாத்தாரா?"

"நீங்கதான் பாத்தீங்களே. பானெட்டைத் தூக்கி வெச்சிட்டு அஞ்சு நிமிஷம் நின்னீங்க. வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை."

அவர் ஆயில் வடிக்கும் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

எந்த வேனிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த சீட்டில் அவள் உட்கார்ந்தாள். மதியம் மணி மூன்று. விடிவதற்கு முன் எழுந்தவள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

"தினமும் விடியக்காலம் நாலரைக்கு பேக்கரியில நிக்கணும்ணா. பதினெட்டு கடைக்கு ரொட்டி போடறேன். இந்த வாரத்துல மூணு நாள் லேட்டு. சாவியைத் திருகினா இருமுது, இருமுது, அப்புறம் உள்ள ஒரே தட்டல். இன்னொரு நாள் லேட்டானா லைனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டார்."

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் திருகும் சத்தம் கேட்டது.

"வாங்கி முழுசா ரெண்டு மாசம் ஆகலை. வாங்கறப்ப சத்தமே கிடையாது. தூங்கற குழந்தை மாதிரி இருந்துச்சு."

பழைய ஆயில் தட்டில் பாகு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து, விரலில் கொஞ்சம் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பாருங்க. காலைக் குளிர்ல இது மேல ஏறிப் போறதுக்கே நேரம் ஆகும். அதுவரைக்கும் உள்ள இரும்பும் இரும்பும் காஞ்சு உரசும். அதான் அந்தத் தட்டல்."

"சரி, ஃபில்டராவது நான் வாங்கினதைப் போடுவீங்களா?"

அவர் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

"வண்டியை நிறுத்தினதும் ஆயில் கீழ வடிஞ்சிடாம பிடிச்சு வைக்க உள்ள ஒரு ரப்பர் இருக்கணும். இதுல பேருக்கு ஒண்ணு வெச்சிருக்கான். இப்ப வண்டியில இருக்கறதும் இதே ரகம்தான்."

"நான் வாங்கினது எல்லாம் தப்பு. உங்க அலமாரியில இருக்கறது மட்டும் சரி." அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "எந்த மெக்கானிக்கிட்ட போனாலும் இதே பாட்டுதாண்ணா."

"ஃபில்டருக்கு மட்டும் காசு குடுங்க. ஆயில் இங்க மீந்து கிடந்தது."

அவர் எடுத்து வந்த கேனில் சீல் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சும்மா குடுக்கறவங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படணும்தான்" என்றார். புது ஃபில்டரின் விளிம்பில் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கினார்.

"கெட்டி ஆயில் ஆகாதுன்னா, இந்த வண்டிக்கு ஏன் அதை ஊத்தினாங்க?"

"விக்கறதுக்கு முன்னாடி ஊத்துவாங்க. சத்தம் அடங்கிடும். புகை குறையும். வாங்கறவங்க ஓட்டிப் பாக்கறப்ப நல்லா இருக்கும்."

அவள் சீட்டிலிருந்து எழுந்தாள்.

"அப்ப வித்தவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஊத்தினவனுக்கும் தெரியும்."

அவர் புனலைச் சரிசெய்தார். "தெரியும்மா."

"ஒருத்தி இதை வெச்சுத்தான் அடுப்பு மூட்டப் போறான்னு யோசிக்கலை பாருங்க. அந்தக் கை விளங்குமா?"

"விளங்காது" என்றார் மெக்கானிக்.

கேன் காலியாகும்வரை அவர் புனலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

திருகியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் சத்தம் முன்பைவிடக் கூடுதல். பின்னால் மெல்லிய நீலப் புகை வந்தது. அவள் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

"என்னண்ணா இது! இருந்ததையும் கெடுத்துட்டீங்களே!"

"இல்லம்மா. இதான் இதோட சொந்தக் குரல். இத்தனை நாளா வாயைப் பொத்தி வெச்சிருந்துச்சு. கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆயில் அளவு பாக்கற குச்சியை எடுத்துப் பாருங்க. குறைஞ்சா இதையே ஊத்துங்க, கெட்டியா வேற எதையும் ஊத்தாதீங்க. ஒழுங்கா பாத்துக்கிட்டா இன்னும் மூணு வருஷம் ரொட்டி சுமக்கும்."

"நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்பலைன்னா?"

"என்னைக் கூப்பிடுங்க. என் வண்டியில ரொட்டியை ஏத்திட்டு வரேன்."

"நாலு மணிக்கா?"

"எனக்கு அந்த நேரத்துல தூக்கம் இருக்கறதில்லை."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். நம்பலாமா என்று தெரியவில்லை. நம்பாமல் வேறு வழியும் தெரியவில்லை. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சபடியே இருங்க. நான் சொல்றப்ப விடுங்க."

அவள் மிதித்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்குத் தூக்கி நின்ற பானெட் மட்டும்தான் தெரிந்தது.

அதற்கு அந்தப் பக்கம், இஞ்சின் ஓரத்தில் ஒரு சர்வீஸ் அட்டை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை வாங்குவதற்கு ஒரு வாரம் முந்தின தேதி. கெட்டி ஆயிலின் நம்பர். கீழே இந்த மெக்கானிக்கின் கடை முத்திரை, அவருடைய கையெழுத்து. மெக்கானிக் கம்பியை வெட்டி, அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பானெட்டை இறக்கினார்.