பதினேழு மணி நேர வேலை

"சும்மா உக்காந்து நாற்காலியைத் தேய்க்கிறவரை எதுக்கு மேடம் நாம தாங்கணும்? இதான் சாக்குன்னு அனுப்பி விடுங்க" என்றாள் டைப்பிஸ்ட்.

"அதானே! ஊருக்கு ஒரு நியாயம், பூதக்கண்ணாடிக்கு ஒரு நியாயமா?" என்று ஒத்து ஊதினார் தபால் எழுத்தர்.

சான்றிதழ் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல்கலைக்கழக நிர்வாகத்தைத் திருத்தி அமைக்கிறார்கள். பதினொரு பிரிவுகள் இனி ஐந்துதான். யாருக்கு என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பொதுவான கம்ப்யூட்டர் படிவத்தில் இன்று மாலைக்குள் நிரப்பிவிட வேண்டும். அம்மாவைப் போன்ற பிரிவுத் தலைவர்களைத் தொட மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால், மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளை வளாகத்துக்கு மாற்றல்.

பூதக்கண்ணாடி என்று அவர்கள் கேலி செய்யும் மூத்த எழுத்தருக்குப் பார்வை மங்கி ஒரு வருஷம் ஆகிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் எழுத்து தெரிவதில்லை. பஸ் போர்டையே படிக்க முடியாதவர், இரண்டு பஸ் மாறி எப்படிப் போவார்?

எல்லோரும் சாப்பிடப் போனதும் படிவத்தைத் திறந்தார். மூத்த எழுத்தரின் கட்டம் காலியாக இருந்தது. தன்னுடைய வேலையான சான்றிதழ் சரிபார்ப்பை எடுத்து அங்கே போட்டார். ஆறு மணி நேரம்.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அதுதான் முதல் பொய்.

மறுநாள் காலையிலேயே பதிவாளர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, உங்க மூத்த எழுத்தர் ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேரம் வேலை பாக்குறாரா?"

"பதினேழா? ஆறுதானே சார் போட்டேன்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதிவாளர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

சான்றிதழ் சரிபார்ப்பு, ஆறு மணி நேரம். அதன் கீழே டைப் அடிப்பது, ஆறு. தபால் அனுப்புவது, ஐந்து.

டைப்பிஸ்டின் கட்டத்தில் மிச்சம் இருந்தது இரண்டு மணி நேரம். தபால் எழுத்தருக்கு மூன்று.

அடப்பாவிகளா! வாய் கிழியப் பேசிவிட்டு, தங்கள் தலையையே அடகு வைத்திருக்கிறார்களே! அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. கூடவே பயமும் வந்தது. இந்தக் கணக்குப்படி மலை தாண்டப் போவது அந்த இரண்டு பேரும்தான்.

"சார், அவங்க மேல தப்பில்ல. பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என்னை வேணா..."

"நீங்க பேசாதீங்க. பார்வை சரியில்லாத மனுஷனைப் போட்டு இப்படியா கசக்கிப் பிழியறது?"

அம்மா திடுக்கிட்டார். இவருக்கு எப்படித் தெரியும்?

பதிவாளர் நிமிர்ந்தும் பார்க்காமல் விசைகளைத் தட்டினார். டைப் வேலை டைப்பிஸ்டுக்குப் போனது. தபால் வேலை தபால் எழுத்தருக்குப் போனது.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆறு மணி நேரம் சார்?" என்றார் மெல்ல.

"அது அவர் பேர்லயே இருக்கட்டும்மா. ரிட்டையர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு" என்றார் பதிவாளர். "நானும் ரெண்டு வேலையை அவர் கட்டத்துல போடலாம்னுதான் நேத்து திறந்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாரும் முந்திக்கிட்டீங்க!"