கறுப்புக் கண்ணாடி

“கண்ணை மூடாதேங்கோ! திறந்து வையுங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லுறது?”

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடி. காலை ஆறரை மணி. பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்திருந்த கிருபாகரனை அதட்டிக்கொண்டிருந்தாள் மனைவி ஜீவராணி.

கிருபாகரனுக்குப் பார்வை இல்லை. இளமையில் மாலைக்கண்ணாகத் தொடங்கிய நோய், ஐம்பது வயதுக்குள் இரு கண்களையும் அணைத்துவிட்டிருந்தது.

உடுப்புக் காயப்போட வந்த அயல்வீட்டு ஸமீமா இதைக் கண்டு, நேரே மூன்றாம் மாடிக்கு இறங்கி, யோகேஸ்வரி டீச்சரின் கதவைத் தட்டினாள். டீச்சர் ஓய்வுபெற்றவர், தொடர்மாடிச் சங்கத்தின் தலைவி.

“டீச்சர், மேல வந்து பாருங்க. மிளகா காயப் போடுற மாதிரி அந்த மனிசன வெயில்ல போட்டு வெச்சீக்கிறா. கண்ணத் தொறக்கச் சொல்லி ஏசவும் ஏசுறா. குருட்டுக் கண்ணத் தொறந்து என்னத்தப் பாக்க?”

டீச்சருக்கு இது முதல் முறைப்பாடு அன்று. விடுமுறை நாட்களில் பகலில் கிருபாகரன் கண்ணயர்ந்தால் ஜீவராணி தட்டில் கரண்டியால் அடித்து எழுப்புகிறாளாம். எதிர்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு டீச்சர் மேலே ஏறினார். ஸமீமாவும் பின்னால் வந்தாள்.

“ஜீவராணி, என்ன கூத்து இது?”

“டொக்டர்தான் சொன்னவர், டீச்சர். எங்கடை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். அதாலைதான் இஞ்சை...”

“எந்த டொக்டர் குருடரைக் காயப்போடச் சொல்லுவார்?”

ஸமீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கடிதம் தந்தவர், டீச்சர். இந்தாருங்கோ, நீங்களே வாசியுங்கோ.”

டீச்சர் கடிதத்தை வாங்கினார், விரிக்கவில்லை.

“கண்ணாடி கொண்டுவரேல்லை. பிறகு பாப்பம்.” மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“அவவிலை பிழையில்லை, டீச்சர்” என்றார் கிருபாகரன்.

“நீங்கள் பேசாமல் இருங்கோ, தம்பி. பயத்திலை கதைக்கிறியள்.” டீச்சர் அவருடைய முகத்தை உற்று நோக்கினார். கண்கள் இரண்டும் நிலைகொள்ளாமல் அலைந்தன. “இந்தக் கண்ணைக் கண்டு சின்னப்பிள்ளையள் பயப்பிடுதுகள். நாலு பேர் பாக்க இப்பிடி இருத்தி வைக்கிறதே? அந்த மனிசனுக்கும் ஒரு மானம் இருக்கெல்லே?”

கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே மொட்டைமாடிக்குப் பூட்டுப் போடப்பட்டது. திறப்பு டீச்சரின் கைக்கு வந்தது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. காலி வீதிக் கடையொன்றுக்குச் சென்று, தாமே தெரிந்தெடுத்து, ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்து, கிருபாகரனுக்குத் தம் கையாலேயே அணிவித்தார்.

“இப்பதான் வடிவாய் இருக்கு.”

“பெரிய உபகாரம், டீச்சர்” என்றார் கிருபாகரன்.

ஏதோ சொல்ல வந்த ஜீவராணியை டீச்சர் கையமர்த்திவிட்டார். அவள் கதவோரம் நின்று அழுதாள்.

“வெக்கம் வந்தீக்கும்” என்றாள் ஸமீமா.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் டீச்சரின் நல்ல மனத்தைப் புகழாதவர் இல்லை.

இரண்டு மாதங்கள் சென்றன. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. கோயில் பிரசாதத்துடன் டீச்சர் ஜீவராணியின் வீட்டுக்குச் சென்றார்.

“தம்பி எங்கை?”

“படுத்திருக்கிறார்.”

“இந்த நேரத்திலையோ?”

“இரவிரவாய் முழிப்பு, டீச்சர். பகல் முழுக்க நித்திரை.”

“அப்ப வேலை?”

பொரளையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது கிருபாகரனின் வேலை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

“நிப்பாட்டிப் போட்டினம். ஃபோனைக் காதிலை வைச்சபடியே நித்திரையாய்ப் போறாராம்.”

“முந்தி இப்பிடி இல்லையே, பிள்ளை?”

ஜீவராணி டீச்சரின் கைப்பையைப் பார்த்தாள்.

“அந்தக் கடிதம் வாசிச்சனீங்களோ, டீச்சர்?”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். கடிதம் அங்கேதான் கிடந்தது, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில். நாள்தோறும் பத்திரிகை வாசிப்பதற்காக அந்தக் கூட்டை அவர் எடுத்திருக்கிறார், திரும்ப வைத்துமிருக்கிறார்.

கண்ணாடியை அணிந்துகொண்டு வாசித்தார். ஆங்கிலத்தில், தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

‘இவருடைய கண்களில் பார்வை தரும் உயிர்க்கலங்கள் அழிந்துவிட்டன. ஆயினும் வேறு சில கலங்கள் உயிரோடு இருக்கின்றன. அவை எதையும் காண்பதில்லை. பகல் வெளிச்சத்தை மாத்திரம் உணர்ந்து, மெல்லிய நரம்பு வழியாக, மூளையில் உள்ள கடிகாரத்துக்கு அறிவிக்கின்றன. அந்தச் செய்தி தவறினால் இரவும் பகலும் இவருக்கு மெல்ல மெல்லத் தடம் மாறிவிடும். ஆகவே நாள்தோறும் காலையில் ஒரு மணித்தியாலம், திறந்த வானத்தின் கீழ், கண்களைத் திறந்தபடி இருக்க வேண்டும். பகலில் உறங்க விடக்கூடாது. கறுப்புக் கண்ணாடி அணியவே கூடாது.’

டீச்சர் மொட்டைமாடித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்த ஓசைக்கோ என்னவோ, உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சுவரைத் தடவியபடி கிருபாகரன் வெளியே வந்தார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி.

“ஆரது?”

“நான்தான், தம்பி. அந்தக் கண்ணாடியை... அதை ஒருக்கால் கழட்டுங்கோ.”

கிருபாகரன் பதறி, இரு கைகளாலும் கண்ணாடியைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, வேண்டாம் டீச்சர். நீங்கள் சொன்ன நாளிலையிருந்து இதை நான் கழட்டுறதேயில்லை. இவள் எத்தனையோ தரம் கெஞ்சிப் பாத்திட்டாள். என்ரை மானத்தைக் காப்பாத்தின கண்ணாடியெல்லே!”

பின்பு, விருந்தாளியை வரவேற்கும் முகத்தோடு சிரித்தார்.

“இருங்கோ, டீச்சர். என்ன, இவ்வளவு விடியவே வந்திருக்கிறியள்?”