மஞ்சள் கேப்சூல்

மூளையில் கட்டிதட்டிப்போகும் புரதத்தை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து எப்படிக் கரைக்கிறது என்பதுதான் கோகிலவாணியின் ஆராய்ச்சி. சோதனைக்குழாயில் அது கரைந்தது. கணவன் தங்கவேல் கெஞ்சியதால் மாமியாருக்கும் அந்தச் சத்தை அடைத்த கேப்சூலைக் கொடுத்துப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் அவளைப் பெயருக்குப் பதில் ஒரு வசையாலேயே கூப்பிட்ட மாமியார், மறதி முற்றிய பிறகு கன்னத்தைத் தடவி, “சாப்பிட்டியா அம்முணி? நீ யாரூட்டுப் புள்ள?” என்று கேட்பவளாகியிருந்தாள். கோகிலா தினமும் ஒவ்வொரு வீட்டைச் சொல்வாள்.

நாற்பதாம் நாள், தட்டை நீட்டிய அவள் கையை மாமியார் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மலடி கையில எனக்குச் சோறு வேண்டாம்.”

தங்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. “கோகிலா, அம்மாவுக்கு உன்னைய அடையாளம் தெரிஞ்சிருச்சு பாரு!” என்றவன், அக்காவுக்குப் போன் போட ஓடினான்.

கோகிலா சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த கேப்சூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினாள். எல்லாவற்றிலும் கடலைமாவை அடைத்து மூடினாள். நிறம் அப்படியே இருந்தது.